கடைசியாக நடப்பவர்





அருவியருகே போய்ச் சேர்ந்ததும் நான் தலைகளை எண்ணினேன். நான்கு குடும்பங்களைச் சேர்ந்த 19 பேர் புறப்பட்டிருந்தோம். எண்ணிக்கை 18-லேயே நின்றது. மீண்டும் எண்ணினேன். பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். அதன் பிறகே என் மாமியைக் காணவில்லை என்பது உறைத்தது. அவர்களைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். "உங்களோடு வருகிறார்கள் என்று நினைத்தேன்" என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

இடம் திருமூர்த்தி மலை. உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் இருப்பது. அங்கிருந்து பஞ்சலிங்க அருவிக்கு ஏறும் பாதை நீண்டதன்று. இளைஞர்களுக்கு அது ஒரு விளையாட்டு. அதனால்தான் நாங்கள் எதையும் யோசிக்கவில்லை. திருப்பூரில் பனியன் தொழிலோடு வாழ்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு அரியது என்பது தெரியும். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் ஒன்றரை ஷிப்ட் ஓடும். ஞாயிறும் சேர்ந்து போய்விடும். அந்த வாரம் சரக்கு முன்னதாகவே போய்விட்டது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் திட்டம் போட்டோம். சுப்ஹு தொழுதவுடன் வேன் ஏறினோம். காலை உணவை மலைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்பது ஏற்பாடு.

மாமிக்குச் சர்க்கரை நோய் உண்டு. வழக்கமாகக் காலையில் போடும் மாத்திரையை அவர்கள் வீட்டிலேயே போட்டுக்கொண்டார்கள். உணவு என் கையிலிருந்த பையில் இருந்தது. அந்தப் பையைச் சுமந்துகொண்டு நான் அவர்களுக்கு முன்னால் ஏறிப் போய்விட்டேன்.

என் கணவரும் மூத்த மகனும் ஓடோடி இறங்கினார்கள். நான் பின்தொடர்ந்தேன். பாதி வழியில் ஒரு பாறையின் மீது மாமி உட்கார்ந்திருந்தார்கள். கொய்யாப்பழம் விற்கும் ஓர் அம்மா அவர்களைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். மாமியின் முகமெல்லாம் வியர்வை, தொட்டால் சில்லென்றிருந்தது. கைகள் நடுங்கின. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குச் சரியான மறுமொழி இல்லை. அந்த அம்மா நிலைமையைப் புரிந்துகொண்டு, சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்திருந்தார். கால் மணி நேரத்தில் மாமியின் கண்களில் தெளிவு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நாங்கள் நன்றி சொன்னபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. "வயசானவங்களைத் தனியா விட்டுட்டுப் போற அளவுக்கு அப்படி என்னம்மா அவசரம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பும் வழியில் வேனில் யாரும் பேசவில்லை. என் கணவர் அன்றிரவே முடிவு செய்துவிட்டார்: இனி மலையும் வேண்டாம், காடும் வேண்டாம். ஒரு மாதம் கழிந்திருக்கும். மொட்டைமாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தபோது மாமி என் அருகே வந்து நின்றார்கள். திருமணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிய கைகள் அவை. "நான் அருவியைப் பார்க்கவே இல்லையேம்மா" என்றார்கள். குறை சொல்லும் தொனி இல்லை. ஆசைதான் இருந்தது. அவர்களுக்கு அன்று நேர்ந்ததைவிட அந்தச் சொல் என்னை அதிகம் வருத்தியது. நமது கவனக்குறைவால் ஒருவருக்குத் துன்பம் வந்தது. அந்தத் துன்பத்தையே காரணமாகக் காட்டி அவருடைய ஆசைக்கும் கதவடைத்துவிட்டோம்.

அச்சம் நியாயமானதுதான்

என் கணவரின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. நம் பகுதி மக்கள் குரங்கணியை மறந்திருக்க மாட்டார்கள். 2018 மார்ச் 11 அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினார்கள். சென்னையிலிருந்து வந்த குழுவோடு, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற குழுவும் அதில் இருந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விடுமுறை நாளில் இயற்கையைக் காணப் புறப்பட்ட இளம் ஆண்களும் பெண்களும் அவர்கள்.

அந்த நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அதே ஆண்டில் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் முறையாகத் திறக்கப்பட்டன. எளிது, மிதம், கடினம் எனப் பாதைகள் வகை பிரிக்கப்பட்டுள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அவர்களில் பலர் அந்தக் காடுகளையே தாயகமாகக் கொண்ட பழங்குடியினர். நம் திருப்பூர் மாவட்டத்தில் சின்னார் சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை செல்லும் பாதை அந்தப் பட்டியலில் இருக்கிறது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. மூடியிருக்கும் பாதையில் 'தெரிந்தவர்' ஒருவரைப் பிடித்து நுழைவது திறமை அன்று.

தீயைப் பற்றி ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். காய்ந்த புல்லில் அதன் வேகத்துக்கு மனிதன் ஈடுகொடுக்க முடியாது. எனவே புகை தெரிந்தால் அதற்கு மேலே ஏறி ஓடுவதும், குறுகிய பள்ளங்களுக்குள் இறங்குவதும் ஆபத்து. புல்லற்ற பாறைவெளி, ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலம், அகன்ற பாதை ஆகியவையே புகலிடம். அதைவிட மேலானது, மாசி பங்குனி மாதங்களில் காய்ந்த புல்வெளிகளுக்குப் போகாமலிருப்பது. இரவில் உறங்கும்முன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே அவ்வளவு எச்சரிக்கை என்றால், காட்டில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வனப்பகுதியில் தீ மூட்டுவது சட்டப்படியும் குற்றம்.

ஒரு நபிமொழி

எங்கள் தெருவில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடத்தும் ஆலிமாவிடம் ஒருநாள் மனம் திறந்து நடந்ததைச் சொன்னேன். ஆறுதலை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர்களோ அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ள ஒரு செய்தியை எடுத்துரைத்தார்கள். பயணங்களில் அண்ணலார் (ஸல்) அவர்கள் பின்தங்கி வருவார்களாம். நடக்க முடியாமல் சோர்ந்த வாகனத்தைத் தூண்டி நடத்துவார்கள். நடந்து வருபவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆ செய்வார்கள்.

நான் அமைதியாக இருந்தேன். படையையும் சமுதாயத்தையும் வழிநடத்திய தலைவர், வரிசையின் கடைசியில் நடந்திருக்கிறார்கள். நாங்களோ தலைவர் என்றால் முதலில் உச்சியைத் தொடுபவர் என்று எண்ணியிருந்தோம். அன்று எங்களில் ஒரே ஒருவர் மாமியின் பின்னால் நடந்திருந்தால் போதும். அந்தப் பாறையில் அவர்கள் தனியே உட்கார நேர்ந்திருக்காது.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியையும் ஆலிமா நினைவூட்டினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கூறப்பட்ட செய்தி நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கட்டாத ஒட்டகத்துக்கு 'தவக்குல்' என்று பெயர் சூட்டுவதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது.

இந்த வெளிச்சத்தில்தான் மீண்டும் தொடங்கினோம். என் கணவர் உடனே இசையவில்லை. "எங்கே போவதாக இருந்தாலும் அம்மாவின் வேகத்தில்தான் போக வேண்டும், முடியாது என்றால் பாதியிலேயே திரும்ப வேண்டும்" என்று ஒரு நிபந்தனை விதித்தார்கள். அது நிபந்தனையன்று, எங்களுக்கு வேண்டியிருந்த சட்டமே அதுதான் என்பது பின்னர் புரிந்தது.

முதல் படி வீட்டருகே

புதியவர்கள் முதலில் பெரிய மலையைத் தேட வேண்டியதில்லை. நாங்கள் முதலில் போனது நஞ்சராயன் குளம். நகரின் எல்லையிலேயே, சர்க்கார் பெரியபாளையம் அருகே உள்ள நீர்நிலை. 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பனிக்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இங்கே இறங்குகின்றன. சாயம் ஓடிய நொய்யலை மட்டுமே ஆறென்று அறிந்து வளர்ந்த என் பிள்ளைகள், சாயப்பட்டறைகளின் ஊரில் இப்படி ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறதா என்று வியந்து நின்றார்கள்.

சுப்ஹுக்குப் பின் ஒரு மணி நேர நடை. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குப் பலவற்றைக் காட்டியது. யாருடைய செருப்பு கடிக்கிறது, யாருக்கு அரை மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறது, எந்தப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கும், எது கேட்காது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிட்டன. வீட்டிலிருந்து அரை மணித் தொலைவில் தெரிய வேண்டிய குறைகளை மலையில் போய்த் தெரிந்துகொள்வதுதான் விபத்தாகிறது.

மாமி அன்று நான்கு ஞாயிறுகள் தொடர்ந்து குளத்துக்கு வந்தார்கள். ஐந்தாம் ஞாயிறு எங்களை அவர்களே எழுப்பினார்கள்.

நாங்கள் கைக்கொள்ளும் முறைகள்

எங்கள் குழுவில் இப்போது அமீர் ஒருவர், கடைசியாக நடப்பவர் ஒருவர் என இருவர் உண்டு. கடைசியாக நடப்பவரை எவரும் பின்னால் விட்டுச் செல்லக் கூடாது. அவரும் எவரையும் தாண்டிச் செல்லக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் செல்பவர் நின்று, பின்னால் வருபவரைக் கண்ணால் பார்த்த பிறகே நகர்கிறார். கடைசியில் வருபவர் வந்து சேர்ந்ததும் உடனே புறப்படுவதில்லை. முன்னால் வந்தவர்கள் ஓய்வெடுத்திருப்பார்கள். இளைத்து வந்தவருக்குத்தான் ஓய்வு தேவை. எங்கு போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்கிறோம். காட்டில் அலைபேசிக்கு அலைவரிசை இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

காலை உணவு உண்ணாமல் எவரும் வண்டி ஏறுவதில்லை. நீரிழிவு உள்ளவர்கள், நடக்கும் நாளில் மாத்திரையை, இன்சுலினை எப்படி எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். சர்க்கரை இறங்கியதற்கான அறிகுறிகளான குளிர்ந்த வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறோம். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். பேரீச்சம்பழம் நல்லதே, ஆனால் அவசரத்துக்குச் சர்க்கரை நீரே விரைவில் வேலை செய்யும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெண்களைப் பற்றி வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். நம் பெண்கள் பலர் வெளியூர்ப் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பிடம் இருக்குமோ இருக்காதோ என்ற அச்சந்தான் காரணம். வெயிலில் நடந்து, நீர் குடிக்காமல், தலைவலியோடும் மயக்கத்தோடும் வீடு திரும்பிவிட்டு 'எனக்கு மலை ஒத்துக்கொள்ளாது' என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது மலையன்று. ஆகவே எங்கள் திட்டத்தில் முதலில் எழுதப்படுவது பார்க்கும் இடங்கள் அல்ல. கழிப்பிடம் உள்ள இடங்கள். வனத்துறை அலுவலகம், பெட்ரோல் பங்க், பள்ளிவாசல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறோம். கூடவே, நான்கு குச்சிகளில் கட்டி மறைப்பாக்கிக்கொள்ள ஒரு துணியைத் தைத்து வைத்திருக்கிறோம். நிழல், பாதை, நீர்நிலை இவற்றில் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். எனவே நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளியே மறைப்பைக் கட்டுகிறோம். நாப்கின், குழந்தைகளின் டயப்பர் போன்றவற்றைப் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறோம்.

ஒருவருக்கு 2 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. வியர்த்துச் சோர்ந்தவருக்கு, ஒரு லிட்டர் நல்ல நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் இதிலும் மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும்.

துணி நமக்குத் தெரிந்த பாடம்

உடையைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நாம்தான் யோசிப்பதில்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், சீக்கிரம் உலராது. சமவெளி வெயிலில் அந்த ஈரம் உடலைக் குளிர்விக்கும், அது நன்மை. அதுவே வால்பாறை போன்ற உயரமான குளிர்ப்பகுதியில் மழையில் நனைந்தால் உடல் சூட்டைப் பறித்துவிடும். அங்கே விரைவில் உலரும் பாலியஸ்டர் பனியன் மேல். மாற்றுடை ஒன்று பிளாஸ்டிக் பையில் இருக்க வேண்டும். ஆனால் பாலியஸ்டர் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும் என்பதும் நாம் அறிந்ததே.

சகோதரிகள் பர்தாவைக் கைவிட வேண்டியதில்லை. சிறிது மாற்றித் தைத்தால் போதும். தரையில் புரளும் விளிம்பு முள்ளிலும் படியிலும் சிக்கும். கணுக்கால் அளவில் நிறுத்தி, உள்ளே முழுநீளக் காற்சட்டை அணிந்துகொள்கிறோம். கறுப்பு வெயிலை இழுக்கும்; மண்நிறம், இலைநிறத்தில் தளர்வாகத் தைத்துக்கொண்டோம். காட்டில் பளிச்சிடும் நிறங்கள் கூடாதென்பது வனத்துறையின் அறிவுரையும்கூட. அத்தரையும் அன்று வீட்டிலேயே விட்டுவிடுகிறோம்.

மழைக்காலத்தில் ஆனைமலைக் காடுகளில் அட்டை உண்டு. பின்னல் துணிக் காலுறை அதற்குப் பயன்படாது. கண்ணிகளின் இடைவெளி வழியே மெல்லிய அட்டை நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால்வரை உறை தைத்து, மேலே நாடா போட்டுக் கட்டிக்கொண்டால் போதும். எங்கள் யூனிட்டில் ஒரு மதிய இடைவேளையில் இருபது ஜோடி தைத்து முடித்தோம். இந்த ஊரில் அதற்குமேல் என்ன வேண்டும்!

நீரும் விலங்கும்

அருவியில் குளிப்பவர்கள் வானத்தை மட்டும் பார்க்கக் கூடாது. நமக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் அந்த நொடியே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். செருப்பை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. அமராவதி அணையில் முதலைகள் வாழ்கின்றன. அதன் கரையில் நின்று நீர்ப்பரப்பை ரசிக்கலாம். காலை நனைக்க இறங்கக் கூடாது.

யானையின் வழியில் நாம்தான் விருந்தினர். பாட்டுப் பெட்டி, சத்தம், தற்படம் எடுக்க நெருங்குதல் மூன்றும் கூடாது. குரங்குக்கு உணவு கொடுப்பது இரக்கம்போலத் தோன்றும். அது அந்த விலங்கையே கெடுத்து, அடுத்து வரும் குழந்தையைக் கடிக்கச் செய்யும். பாம்பு கடித்தால் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதே மருத்துவம்.

காட்டில் ஒரு தொழுகை

ஓராண்டுக்குப் பிறகு சின்னாருக்குப் போனோம். உடுமலையிலிருந்து மறையூர் செல்லும் சாலையில், எல்லை கடந்ததும் தொடங்கும் கேரளத்து வனவிலங்குச் சரணாலயம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் முட்புதர்க் காடாகவே இருக்கும்; ஆற்றோரத்தில் மட்டும் நீர்மருது மரங்கள் உயர்ந்து நிற்கும். அரிய நரை அணில்களின் வாழிடம் அவை. வனத்துறை அனுப்பிய பழங்குடி வழிகாட்டியோடு ஆற்றோரமாக ஒரு குறுநடை சென்றோம். மாமிக்கு முழங்கால் வலி இருந்ததால் முன்கூட்டியே கேட்டு, சமதளமான பாதையையே தேர்ந்தெடுத்தோம். அன்று கடைசியாக நடக்கும் முறை என் கணவருடையது.

லுஹர் நேரம் வந்தது. தனியே விலகிப் போய்த் தொழுவது காட்டில் கூடாது. வழிகாட்டியிடம் கேட்டோம், அவர் திறந்த வெளியாக ஓரிடம் காட்டினார். அந்நிஸா அத்தியாயத்தில், அச்சமான நேரத்தில் ஒரு சாரார் தொழ, மற்றொரு சாரார் காவல் நிற்கும் முறை சொல்லப்பட்டுள்ளது. அது போர்க்களத்துக்கான சட்டம். எங்கள் நிலை அதுவன்று. ஆயினும் அதிலுள்ள விவேகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு ஜமாஅத்தாகத் தொழுதோம். ஒரு பகுதியினர் தொழும்போது மற்றவர்கள் பிள்ளைகளையும் காட்டையும் கவனித்தார்கள். சோப்பு எதுவும் கலக்காமல், குவளையில் நீர் மொண்டு கரையிலிருந்து தள்ளி ஒளுச் செய்தோம். நீர் இல்லாத இடத்தில் தயம்மும் இருக்கிறது. கஸ்ர், ஜம்உ பற்றி ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எந்த ஊர், எத்தனை தொலைவு என்று சொல்லி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

பூமி முழுவதும் தொழுமிடமாக்கப்பட்டுள்ளது என்ற நபிமொழியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மிஷின் இரைச்சலுக்கு நடுவே, பண்டல்களுக்கிடையில் பாய் விரித்துத் தொழுது பழகிய எனக்கு, மண்ணில் நெற்றி வைத்தபோது கேட்டது ஆற்றின் ஓசை மட்டுமே. எழ மனம் வரவில்லை.

தொழுகைக்குப் பின் என் மகள், "உம்மா, பெண்கள் ஓடி விளையாடலாமா?" என்று தயங்கிக் கேட்டாள். ஒரு பயணத்தில், மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அண்ணலாரும் ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், முதல் முறை ஆயிஷா (ரலி) அவர்களே வென்றார்கள் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. சுற்றுலா என்றால் ஆண்கள் குளிக்க, பெண்கள் மரத்தடியில் பைகளுக்குக் காவலிருப்பது என்றே நான் வளர்ந்தேன். என் மகள் அப்படி வளர வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்குள் ஓட வேண்டாம், வெளியே வந்ததும் ஓடலாம் என்றேன். வனத்துறை அலுவலகத்தின் முற்றத்தில் ஓடினாள், வென்றாள்.

மாமி

மாமி இன்னும் அந்த அருவியை அருகில் பார்க்கவில்லை. படி ஏறுவது இனி வேண்டாமென்று மருத்துவர் சொல்லிவிட்டார். திருமூர்த்தி அணைக்கட்டின் கரையிலிருந்து மலையைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போதும்மா, இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டேனே" என்றார்கள். எனக்குப் போதவில்லை. அன்று உணவுப் பையோடு நான் பின்னால் நடந்திருந்தால், அருவியின் சாரல் அவர்கள் முகத்தில் பட்டிருக்கும். அந்தக் கடன் என் மீது இருக்கிறது. அதை அடைக்கும் வழியாகத்தான் இதை எழுதுகிறேன்.

பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பாருங்கள் என அல்அன்கபூத் அத்தியாயம் நம்மை அழைக்கிறது. அந்த அழைப்பில் முதியோரும் நோயுற்றோரும் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாதென அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கவும் செய்கிறது. இரண்டையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும்.

வருகிற ஞாயிறு சரக்கு நெருக்கடி இல்லையென்றால், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு குளத்துக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். வீட்டிலேயே மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை முதலில் அழையுங்கள். அவருக்குப் பின்னால் நீங்கள் நடங்கள்.

நம் பயணங்களை எளிதாக்கி, புறப்பட்டவர் அனைவரையும் நலமுடன் வீடு சேர்ப்பானாக. நம்மால் பின்தங்கிப்போனவர்கள் விஷயத்தில் நம்மை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.